புதுசா வர்றவங்க கறுப்புத் திரையப் பாத்து மிரளாம இருக்க, சிஎல்ஐ டூல்ல என்ன மாத்தணும்?

கேள்வி இதான்: கோத்தகிரில நீங்க நாலு பேர் சேந்து ஒரு சின்ன கமாண்ட் லைன் டூல் (சிஎல்ஐ, அதாவது கறுப்புத் திரைல கமாண்ட் டைப் அடிச்சு ஓட்டறது) எழுதியிருக்கீங்க. வெப் ப்ராஜெக்ட் ஒண்ண ஆரம்பிச்சு, லேப்டாப்லயே ஓட்டிப் பாத்து, அப்புறம் சர்வர்ல ஏத்தற வரைக்கும் அதுவே பாத்துக்கும். வேலைல இருக்கறவங்க டக்குனு புடிச்சுக்கறாங்க, ஆனா ஊட்டி குன்னூர் பக்கம் காலேஜ் பசங்க கைல குடுத்தா முதல் நாளே மூடி வெச்சிட்டுப் போயிடறாங்க. கலர் போட்டாச்சு, எமோஜி போட்டாச்சு, ஆரம்பிச்ச உடனே பெரிய எழுத்துல பேனர் கூட வருது. இனிமே மெனு வெக்கலாமா, மெசேஜ் எல்லாம் தமிழ்ல மாத்தலாமா, இல்ல பேசாம ஒரு வெப் பேஜா பண்ணிடலாமான்னு கேக்கறீங்க.

நான் குன்னூர்ல இருந்து இந்த மாதிரி டூல்ஸ் எழுதற வேலைதான் பாக்கறேன், சனி ஞாயிறுல பசங்களுக்கு சொல்லியும் குடுக்கறேன், அதனால கொஞ்சம் நீளமாவே போகும், பொறுத்துக்கோங்க. என் கருத்து என்னன்னா, உங்க டூல் நல்லா ஓடும்போது எவ்ளோ அழகா இருக்குங்கறத விடுங்க, ஓடாம நிக்கும்போது அது என்ன பேசுதுன்னு பாருங்க. பழகினவனுக்கு எரர் வர்றது எப்பவாவதுதான், புதுசா வந்தவனுக்கு எரர் ஸ்க்ரீன்தான் உங்க டூலே, அவன் பாக்கறதே அது ஒண்ணுதான். அதுல போய் ஒரு ராத்திரி கூட உக்காராம பேனருக்கு உக்காந்திருக்கீங்க.

முதல்ல, நிறைய பேர் உங்க டூல் வரைக்கும் வந்து சேர்றதே இல்ல. உங்க டாக்குமெண்ட்ட எடுத்துப் பாருங்க, கிட்ல (கோடோட மாத்தத்த எல்லாம் சேத்து வெக்கற டூல்) இருந்து ப்ராஜெக்ட்ட எறக்க ‘$ கிட் க்ளோன் <யுஆர்எல்>’னு தான இருக்கு? பையன் அதை அப்படியே காப்பி பண்ணிப் போடறான். அந்த டாலர் குறி வெறும் ப்ராம்ப்ட்டு, ‘இங்க அடி’ன்னு டெர்மினல் காட்டற குறின்னு அவனுக்கு யாரும் சொல்லல, ‘$: கமாண்ட் நாட் ஃபவுண்ட்’னு வருது. யாரோ சொல்லி டாலர எடுத்துட்டுத் திரும்பப் போடறான், இப்ப ‘சிண்டாக்ஸ் எரர் நியர் அன்எக்ஸ்பெக்டட் டோக்கன் நியூலைன்’னு வருது. ஏன்னா அந்த கூர் அடைப்புக்குறி நமக்கு ‘இங்க உன் விலாசத்தப் போடு’ன்னு அர்த்தம், பாஷுக்கு (நாம அடிக்கறதப் படிச்சு ஓட்டற ப்ரோக்ராம்) அப்படி இல்ல, ஒண்ணு ஃபைல்ல இருந்து உள்ள எடு, இன்னொண்ணு ஃபைலுக்குள்ள எழுதுன்னு அர்த்தம், எழுத ஃபைல் பேர் எங்கன்னு அது கேக்குது. ஒரு பையன் எங்கிட்ட வந்து “அண்ணா, டோக்கன் எங்க வாங்கணும்?”னு கேட்டான். சிரிக்கறதுக்கு இல்ல, அந்த மெசேஜப் படிச்சா வேற என்ன தோணும்? ஆக டாக்குமெண்ட்ல டாலர எடுங்க, கூர் அடைப்புக்குறிய எடுங்க, அப்படியே ஒட்டினா ஓடற மாதிரி ஒரு நிஜ சாம்பிள் விலாசத்தப் போடுங்க.

இன்னொண்ணு, பசங்க நோட்ஸ வேர்ட்ல டைப் பண்ணி வாட்சப்ல அனுப்பிக்கறாங்க. வேர்ட் என்ன பண்ணுது, ரெண்டு சின்னக் கோட்ட சேத்து ஒரே நீளக் கோடா மாத்திடுது, நேரா இருக்கற கோட்டேஷன வளைச்சு விட்டுடுது. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. உங்க டூலுக்கு வர்ற ஆர்கியுமெண்ட் (கமாண்ட் பேருக்குப் பின்னாடி அடிக்கற சொல்) நீளக் கோட்டுல ஆரம்பிச்சா ‘இது காப்பி பண்ணும்போது மாறின கோடு, -- ன்னு கையால அடிச்சுப் பாருங்க’ன்னு சொல்றதுக்கு நாலு வரி கோட் போதும். ஆனா பெரும்பாலான டூல் சொல்றதில்ல.

விண்டோஸ் கதை தனி. பாதி பசங்க யூசர் நேம்ல அப்பா பேரையும் சேத்து நடுவுல ஸ்பேஸ் வெச்சிருப்பாங்க, ஃபைல் பாத்த (ஃபைல் இருக்கற எடத்தோட விலாசம்) கோட்டேஷன் இல்லாம எடுத்துக்கற ஸ்க்ரிப்ட் எல்லாம் அங்கயே உடையும். பைத்தான் இன்ஸ்டால் பண்ணாம ‘பைத்தான்’னு அடிச்சா மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வந்து நிக்கும். பவர்ஷெல்ல (விண்டோஸ்ல கமாண்ட் அடிக்கற எடம்) வெர்ச்சுவல் என்விரான்மெண்ட்ட, அதாவது ஒரு ப்ராஜெக்ட்டுக்குன்னு இருக்கற தனி பைத்தான் செட்டப்ப, ஆக்டிவேட் பண்ணப் போனா ‘ரன்னிங் ஸ்க்ரிப்ட்ஸ் இஸ் டிஸேபிள்ட் ஆன் திஸ் சிஸ்டம்’னு சிவப்பா வரும், பொண்ணு ஏதோ வைரஸ் வந்துடுச்சுன்னு லேப்டாப்ப மூடிடும். இதுக்கெல்லாம் நீங்க பொறுப்பில்லதான், ஆனா ஆப் எழுதற ஃப்ளட்டர்ல ‘ஃப்ளட்டர் டாக்டர்’னு ஒண்ணு இருக்கு பாருங்க, மேக்ல சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்ற ஹோம்ப்ரூல கூட ‘ப்ரூ டாக்டர்’ இருக்கு, அந்த மாதிரி ஒரு டாக்டர் கமாண்ட் உங்க டூல்லயும் வெச்சிடுங்க. நோட் ஜேஎஸ் (ஜாவாஸ்க்ரிப்ட் ஓட்டறது) இருக்கா, கிட் இருக்கா, எந்த வெர்ஷன், ஃபோல்டர்ல எழுத பர்மிஷன் இருக்கா, நெட் எட்டுதா, எல்லாத்தையும் ஒரே தடவ பாத்து இது இருக்கு, இது இல்ல, இல்லாததுக்கு இத அடின்னு சொல்லணும். பசங்க உங்களுக்கு ஃபோட்டோ எடுத்து அனுப்பறதுக்கும் அந்த ஒரு ஸ்க்ரீன் போதும், “என்ன எரர் வந்துச்சு?” “தெரியலண்ணா, க்ளோஸ் பண்ணிட்டேன்”ங்கற பேச்செல்லாம் மிச்சம்.

அடுத்தது அமைதி. யூனிக்ஸ் டூல்ஸ் எல்லாம் வேலை ஒழுங்கா முடிஞ்சா வாயே திறக்காது. சிபி அடிச்சா காப்பி ஆயிடும், ஒரு வார்த்த வராது. இதுக்கு ஒரு நியாயம் இருந்துச்சு, 70கள்ல டெர்மினல்னா அது டெலிடைப், பேப்பர்ல அடிக்கும், மாடல் 33ன்னு ஒண்ணு செகண்டுக்கு 10 எழுத்துதான் அடிக்கும், அதுல போய் வளவளன்னு பேசினா யாருக்குப் பொறுமை இருக்கும். இன்னிக்கு அந்தக் கஷ்டம் இல்ல, பழக்கம் மட்டும் மிச்சம் இருக்கு. அட்மின் உரிமையோட கமாண்ட் ஓட்டற சூடோ பாஸ்வர்ட் கேக்கும்போது நிறைய மெஷின்ல நட்சத்திரக் குறி கூட வராது இல்லையா, அதப் பாத்துட்டு கீபோர்டு போயிடுச்சுன்னு வேற கீபோர்டு மாட்டினவங்கள எனக்குத் தெரியும். (சூடோவோட செட்டிங் ஃபைலான சூடோயர்ஸ்ல ‘பிடபிள்யூஃபீட்பேக்’னு ஒரு செட்டிங் இருக்கு, லேப் மெஷின்ல அதை ஆன் பண்ணி விட்டுடுங்க, நிம்மதி.)

அதுக்காக நூறு வரி லாக் கொட்டணும்னு இல்ல. முடிஞ்சதும் மூணே விஷயம்: என்ன பண்ணேன், எங்க வெச்சிருக்கேன், அடுத்து நீ என்ன அடிக்கணும். மேட்டுப்பாளையம் போற பஸ்ல கண்டக்டர் “அடுத்து குஞ்சப்பனை, எறங்கறவங்க முன்னாடி வாங்க”ன்னு சத்தம் குடுப்பாரே, ஊருக்குப் புதுசா வந்தவனுக்கு அது எவ்ளோ தைரியம், தினம் போறவன் காதுல வாங்காம தூங்கிட்டு வருவான், அவ்ளோதான் வித்தியாசம். கிட் டூல ஆயிரம் திட்டலாம், ஆனா ‘கிட் ஸ்டேட்டஸ்’ இத நல்லா பண்ணுது, ஒவ்வொரு பகுதிக்கும் கீழ இதைச் சேக்கணும்னா ‘கிட் ஆட்’ அடி, திரும்ப எடுக்கணும்னா ‘கிட் ரீஸ்டோர்’ அடின்னு சொல்லிட்டே வரும். வேணாங்கறவங்க ‘அட்வைஸ்’ செட்டிங்ல அணைச்சுக்கலாம். யாருக்கு டீஃபால்ட்டுன்னு பாருங்க: புதுசா வந்தவனுக்கு. அணைக்கத் தெரிஞ்சவன் அணைச்சுக்குவான், ஆன் பண்ணணும்னு புதுசா வந்தவனுக்குத் தெரியவே தெரியாது.

அப்புறம் நேரம். யூசபிலிட்டி ஆராய்ச்சி பண்ற ஜேக்கப் நீல்சன் 1993லயே எழுதி வெச்ச கணக்கு, 0.1 செகண்டுக்குள்ள பதில் வந்தா உடனே நடந்த மாதிரி இருக்கும், 1 செகண்ட் வரைக்கும் யோசனை அறுந்து போகாது, 10 செகண்ட் தாண்டிட்டா ஆள் வேற வேலைக்குப் போயிடுவான். டெர்மினல்ல இன்னும் மோசம், ஏன்னா கர்சர் சும்மா மினுக்கிட்டு நின்னா அது வேலை செய்யுதா, எதையாவது கேட்டுட்டு நிக்குதா, செத்துப் போச்சான்னு கண்டே புடிக்க முடியாது. ஒரு செகண்டுக்கு மேல ஆகும்னா ‘பேக்கேஜ் டவுன்லோட் ஆகுது’ன்னு ஒரு வரி, முடிஞ்சா எவ்ளோ ஆச்சுங்கற கணக்கு.

இப்ப எரர் மெசேஜ், இதுதான் முக்கியம். உங்க டூல் இப்ப என்ன காட்டுதுன்னு ஸ்க்ரீன்ஷாட் போட்டிருந்தீங்க, ‘எரர்: ஈஎன்ஓஈஎன்டி: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி, ஓபன் கான்ஃபிக்’, அதுக்குக் கீழ முப்பது வரி ஸ்டேக் ட்ரேஸ் (கோட்ல எந்தெந்த வரி வழியா போய் விழுந்துச்சுங்கற லிஸ்ட்). எந்த ஃபைல் இல்ல, எங்க தேடுச்சு, யாரு உருவாக்கியிருக்கணும், ஒண்ணும் இல்ல. பையன் தப்பான ஃபோல்டர்ல நிக்கறான், அவ்ளோதான் விஷயம். இப்படி மாத்திப் பாருங்க:

இந்த ஃபோல்டர்ல ப்ராஜெக்ட் எதுவும் இல்ல.
நான் தேடின இடம்: டெஸ்க்டாப், அங்க கான்ஃபிக் ஃபைல் கிடைக்கல.
ஏற்கனவே ஆரம்பிச்ச ப்ராஜெக்ட்னா, அந்த ஃபோல்டருக்குள்ள போங்க: சிடி என்-கடை
புதுசா ஆரம்பிக்கணும்னா இத அடிங்க: நியூ என்-கடை

என்ன ஆச்சு, ஏன், அடுத்து என்ன. கடைசி வரில அடிக்க வேண்டிய கமாண்ட். கடைசி வரின்னு சொல்றேன் பாருங்க, அது சும்மா இல்ல. வெப் பேஜ்ல கண்ணு மேல இருந்து ஆரம்பிக்கும், டெர்மினல்ல எல்லாம் ஓடி முடிஞ்ச அப்புறம் கண்ணு ப்ராம்ப்ட்டுக்கு நேர் மேல நிக்கும், அதாவது அடியில. நீங்க அழகா மேல எழுதின விளக்கம் ஸ்டேக் ட்ரேஸ் தள்ளி ஸ்க்ரீனுக்கு வெளிய போயிடுச்சு. ட்ரேஸ ஒரு லாக் ஃபைல்ல எழுதிட்டு ‘முழு விவரம் இங்க இருக்கு’ன்னு அந்த பாத்தக் குடுங்க, இல்ல --வெர்போஸ் போட்டா மட்டும் காட்டுங்க.

இதெல்லாம் நான் புதுசா கண்டுபுடிச்சது இல்ல. எல்ம்ங்கற ப்ரோக்ராமிங் மொழில 2015லயே கம்பைலர் (கோட மெஷினுக்கு மாத்திக் குடுக்கறது) காட்டற எரர ஒரு மனுஷன் பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி எழுத ஆரம்பிச்சாங்க, அதப் பாத்து ரஸ்ட் மொழியும் 2016ல தன்னோட எரர் வடிவத்த மாத்துச்சு, அதுல நிறைய எரருக்கு ஒரு நம்பர் உண்டு, --எக்ஸ்ப்ளெயின் போட்டு அந்த நம்பரக் குடுத்தா உதாரணத்தோட பாடமே நடத்தும். பைத்தான் 2021ல 3.10 வந்தப்பதான் திருந்துச்சு, அதுக்கு முன்னாடி ப்ராக்கெட்ட மூட மறந்தா சம்பந்தமே இல்லாத அடுத்த வரியக் காட்டி சிண்டாக்ஸ் எரர்னு சொல்லும், எத்தன பேர் அந்த நல்ல வரியப் போட்டு நோண்டியிருப்பாங்க, இப்ப இந்த ப்ராக்கெட்ட நீ மூடவே இல்லன்னு சரியான இடத்தக் காட்டுது. அதே பைத்தான்ல வெளிய போக வெறும் ‘எக்ஸிட்’னு அடிச்சா ரொம்ப வருஷமா என்ன சொல்லிட்டு இருந்துச்சு தெரியுமா, ‘எக்ஸிட்டுக்குப் பக்கத்துல ப்ராக்கெட் போடு, இல்ல கண்ட்ரோல் டி அடி’ன்னு. நான் என்ன கேக்கறேன்னு உனக்குத் தெரியுது இல்ல, அப்புறம் என்ன பிடிவாதம்? 3.13லதான் அது வழிவிட்டுச்சு.

எழுத்துப் பிழைக்கும் இதே கதைதான். ‘ஸ்டார்ட்’ட ‘ஸ்டராட்’னு அடிச்சா ‘அன்நோன் கமாண்ட்’னு முகத்துல அடிக்காம நீங்க சொன்னது இதுவான்னு கேளுங்க. ரெண்டு சொல்லுக்கு நடுவுல எத்தன எழுத்து மாறியிருக்குன்னு எண்ற கணக்கு ரஷ்யக் கணிதக்காரர் லெவன்ஷ்டைன் 1965லயே போட்டுக் குடுத்துட்டார், பைத்தான்ல வேற கணக்குல இதே வேலைய பண்ண டிஃப்லிப்ல ‘கெட் க்ளோஸ் மேட்சஸ்’னு ரெடியாவே இருக்கு, ரூபி மொழில 2.3ல இருந்து இந்த மாதிரி ஒண்ணு கூடவே வருது. ஆனா யூகிச்சு நீங்களே ஓட்டிடாதீங்க. கிட்ல ‘ஆட்டோகரெக்ட்’ செட்டிங்ல 1ன்னு வெச்சா செகண்டுல பத்துல ஒரு பங்கு நேரம் மட்டும் காத்திருந்துட்டு தானே ஓட்டிட்டு இருந்துச்சு (2025ல வந்த 2.49ல இருந்து அந்த நேரம் கூட இல்ல), எந்த மனுஷன் அதுக்குள்ள தப்புன்னு கண்டுபுடிச்சு கண்ட்ரோல் சி அடிப்பான்? அழிக்கற கமாண்ட், சர்வர்ல ஏத்தற கமாண்ட்னா யூகமே வேணாம், அங்க --ட்ரை-ரன் குடுங்க, என்னென்ன நடக்கப் போகுதுன்னு முதல்ல லிஸ்ட் காட்டிட்டு அப்புறம் கேளுங்க.

இன்னொரு பொறி இருக்கு, உங்க டூல் வேற டூல தொறந்து விடறது. கிட்ல ‘-எம்’ போடாம கமிட் (மாத்தத்த சேவ் பண்றது) அடிச்சா நிறைய மெஷின்ல விம்ங்கற எடிட்டர் தொறக்கும், உள்ள போனவன் திரும்ப வர மாட்டான். விம்ல இருந்து எப்படி வெளிய வர்றதுன்னு ப்ரோக்ராமர்ஸ் கேள்வி கேக்கற ஸ்டாக் ஓவர்ஃப்ளோ சைட்ல 2012ல ஒருத்தர் கேட்ட கேள்விய 2017க்குள்ள பத்து லட்சம் தடவ பாத்திருக்காங்க, அதனால உங்க பசங்க மட்டும் மக்குன்னு நெனைக்காதீங்க. ‘கிட் லாக்’ அடிச்சாலும் லெஸ்ங்கற பேஜர் (நீள அவுட்புட்ட பக்கம் பக்கமா காட்டறது) தொறந்து கீழ ஒரு கோலன் மட்டும் நிக்கும், ‘க்யூ’ அடிச்சா போயிடும்னு யாரு சொல்லணும்? உங்க டூல் எடிட்டரோ பேஜரோ தொறக்கறதா இருந்தா, தொறக்கறதுக்கு முன்னாடி எப்படி மூடறதுன்னு ஒரு வரி சொல்லிட்டுத் தொறங்க. தொறக்காமலே இருந்தா இன்னும் நல்லது.

சரி, மெனு வெக்கலாமான்னு கேட்டீங்க. வெக்கலாம், ஒரு கண்டிஷனோட. பையன் அம்புக்குறிய நகர்த்தி டெம்ப்ளேட்டத் தேர்ந்தெடுத்து, பேர் குடுத்து, என்டர் தட்டி முடிச்சதும் ‘இதையே அடுத்த தடவ ஒரே வரில இப்படி அடிக்கலாம்’னு முழு கமாண்ட்ட ஃப்ளாக்கோட (-- போட்டுக் குடுக்கற ஆப்ஷன்) காட்டுங்க. அப்ப மெனுவே வாத்தியார் ஆயிடும், நாலஞ்சு தடவைக்கு அப்புறம் அவனே நேரா அடிப்பான். அது இல்லாம வெறும் மெனு வெச்சா அவன் கடைசி வரைக்கும் மெனுலதான் நிப்பான், ஸ்க்ரிப்ட்ல போடணும்னா முழிப்பான். கூடவே ஒண்ணு, எதிர்ல மனுஷன் உக்காந்திருக்கானா, இல்ல வேற ப்ரோக்ராம் ஓட்டுதான்னு ஐஎஸ்ஏடிடிஒய்ங்கற ஃபங்ஷன் வெச்சு பாத்துக்கோங்க, இல்லன்னா ராத்திரி ஆட்டோமேஷன்ல உங்க டூல் ‘ஆமாவா இல்லையா’ன்னு கேட்டுட்டு விடிய விடிய நிக்கும்.

வெப் பேஜ் வேணாம். நாளைக்கு அவன் வேலைக்குப் போற எடத்துல எஸ்எஸ்ஹெச் (தூரத்துல இருக்கற மெஷினுக்குள்ள டெர்மினல் வழியா போறது) போட்டு சர்வருக்குள்ள போனா அங்க இருக்கறது இதே கறுப்புத் திரைதான்.

நம்ம மலைக்குன்னு ஒரு விஷயம் இருக்கு, சமவெளில உக்காந்து டூல் எழுதறவங்களுக்கு இது தோணவே தோணாது. ஜூன் ஜூலைல கூடலூர் பந்தலூர் பக்கம், ஐப்பசி கார்த்திகைல குன்னூர் கோத்தகிரி பக்கம், மழை புடிச்சா மரம் விழும், கரண்ட் போகும், கூடவே டவரும் போகும். பசங்க ஃபோன் ஹாட்ஸ்பாட்ல ஓட்டறாங்க. ‘கிட் க்ளோன்’ நடுவுல அறுந்தா விட்ட எடத்துல இருந்து தொடராது, முதல்ல இருந்துதான், அதனால உங்க டெம்ப்ளேட்ட --டெப்த் 1 போட்டு இழுங்க, பழைய ஹிஸ்டரி முழுக்க அவனுக்கு எதுக்கு. பைத்தான் பேக்கேஜ எறக்கற பிப்ல டைம்அவுட் டீஃபால்ட்டா 15 செகண்ட், மழை நாள்ல அது பத்தாது, கூட்டி விடுங்க. இதவிட மோசமானது எதுன்னா, உங்க ‘நியூ’ கமாண்ட் ஃபோல்டர உருவாக்கிட்டு டவுன்லோட் பண்ணிட்டு இருக்கும்போது கரண்ட் போகுது, திரும்ப வந்து அதையே அடிச்சா ‘இந்த ஃபோல்டர் ஏற்கனவே இருக்கு’ன்னு எரர். அரகொறையா விட்டதும் நீங்கதான், அதக் குத்தம் சொல்றதும் நீங்கதான். எல்லாத்தையும் ஒரு தற்காலிக ஃபோல்டர்ல வெச்சு முழுசா முடிஞ்ச அப்புறம் பேர மாத்தி எடத்துல வைங்க, எத்தன தடவ திரும்ப அடிச்சாலும் கெடாத மாதிரி எழுதுங்க. டெம்ப்ளேட்ட ஒரு தடவ எறக்கினா மெஷின்லயே வெச்சுக்கிட்டு நெட் இல்லாதப்ப அதுல இருந்து எடுங்க.

தமிழ் மெசேஜ். கண்டிப்பா போடுங்க, ஆனா விளக்கத்த மட்டும். கமாண்ட் பேர், ஃப்ளாக், எரர் நம்பர் எல்லாம் இருக்கற மாதிரியே இருக்கட்டும், அப்பதான் தேடினா ஏதாவது கிடைக்கும். தமிழும் நாம லேப்ல பேசற தமிழா இருக்கட்டும், அகராதியத் தொறந்து எழுதினா பசங்களுக்கு ரெண்டு தடவ புரியாது. டேபிள் மாதிரி கட்டம் போட்டுக் காட்டறதுல தமிழ் வேணாம், டெர்மினல்ல ஒவ்வொரு எழுத்துக்கும் சம அகலக் கட்டம், நம்ம எழுத்து அதுல அடங்காது, பல டெர்மினல்ல கொம்பும் காலும் தனித்தனியா பிரிஞ்சு நிக்கும், வரிசை கோணலாகும். விண்டோஸ்ல அவுட்புட்ட ஃபைலுக்குத் திருப்பினா பைத்தான் ‘சார்மேப் கோடெக் கான்ட் என்கோட்’னு விழும், எல்லா மொழி எழுத்தையும் தாங்கற யூடிஎஃப்-8னு நீங்களே சொல்லி எழுதுங்க (பைத்தான் 3.15ல இருந்து அதுவே டீஃபால்ட்டுன்னு முடிவாயிருக்கு). ஒரு பொண்ணு ஃபோல்டருக்கு ‘தேயிலை’ன்னு பேர் வெச்சிருந்துச்சு, கிட் ஸ்டேட்டஸ்ல \340\256\244\340\257\207 ன்னு நீளமா வந்தத பாத்துட்டு “ஃபைல் கரப்ட் ஆயிடுச்சுண்ணா”ன்னு அழாத குறை. கரப்ட்டெல்லாம் இல்ல, கிட்ல ‘கோர் கோட்பாத்’ செட்டிங்க ஃபால்ஸ்னு வெச்சா தமிழ்லயே காட்டும், உங்க டூல் ப்ராஜெக்ட் ஆரம்பிக்கும்போதே அத வெச்சுக் குடுத்துடலாம்.

இதுல எதைப் பண்ணாலும் பண்ணாட்டியும் ஒண்ண மட்டும் விட்றாதீங்க, டூலப் பாக்காத ஒரு புள்ளைய உக்கார வெச்சு, பக்கத்துல நீங்க உக்காந்து, வாயைத் திறக்காம பாருங்க. கை கீபோர்டுக்கு மேல எங்க நிக்குதுன்னு பாருங்க, எத எடுத்து கூகிள்ல போடுதுன்னு பாருங்க. “இல்லம்மா, அங்க இப்படி அடிக்கணும்”னு உங்க நாக்கு நுனி வரைக்கும் வரும், அந்த வார்த்தைய அப்படியே எடுத்து டூலோட மெசேஜா எழுதிடுங்க, அதவிட நல்ல மெசேஜ் ரூம்ல உக்காந்து யோசிச்சா வராது. நாலு பேர்ல டூல எழுதாத ஆள் யாராவது இருந்தா அவங்கள உக்கார வைங்க, எழுதினவருக்கு வாய் நிக்காது.

கலர் இருக்கட்டும், தப்பில்ல, ஆனா சிவப்பு பச்சைய மட்டும் நம்பி அர்த்தத்த வைக்காதீங்க, சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாதவங்க ஆம்பளப் பசங்கள்ல நிறைய உண்டு, ‘சரி’, ‘தப்பு’ன்னு சொல்லும் கூட இருக்கணும். ‘நோ_கலர்’னு என்விரான்மெண்ட் வேரியபிள் செட் ஆயிருந்தா கலர நிறுத்திடுங்க, ஃபைலுக்குப் போற அவுட்புட்லயும் வேணாம். பேனர எடுத்துடுங்க, 80 எழுத்து அகலத்துக்கு அது பாதி ஸ்க்ரீன சாப்பிடுது. அவ்ளோ ஆசைன்னா --வெர்ஷன் அடிச்சா மட்டும் வர்ற மாதிரி வெச்சுக்கோங்க.